குழாயடியில் கால் கழுவுகிறவர்

பாக்கியரத்தினம் கால் கழுவிக்கொண்டிருக்கிறார். வலது காலைக் கழுவி முடித்து இடது காலுக்கு வந்தவர், ஏதோ விட்டுப்போனதுபோல மறுபடியும் வலது காலுக்குப் போகிறார். இன்னும் அவர் கடற்கரைக்கே போகவில்லை. காலில் ஒரு பொட்டு மணல் கிடையாது. வீட்டுக் கிணற்றில் வேண்டிய தண்ணீர் இருக்கிறது. இருந்தும் விடிந்தும் விடியாததுமாகத் திருக்கடலூர்ப் பொதுக் குழாயடிக்கு வந்து, வாளியும் குடமுமாக வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஓர் ஓரமாகக் குனிந்து நின்று, வழிந்தோடும் தண்ணீரில் கால் கழுவுவது அவருடைய வழக்கம். அவர் தலையைக் கண்டதும், அதுவரை குசுகுசுவென்று போய்க்கொண்டிருந்த கதை சட்டென்று திசை மாறும். கோயில் திருவிழா, அரிசி விலை, வெயிலின் கொடுமை என்று பொதுவான விஷயங்கள் வரத் தொடங்கும்.

பெண்களின் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. குழாயடியில் வாய் தவறி விழுந்த ஒரு சங்கதி, மணல் சுடுவதற்குள் பாட்டாகிக் கரைவலைக் கயிற்றில் ஏறிவிடும். கமலேஸ்வரி தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்ததும், புது மருமகன் மரியாதைக்கு அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்ததும் அப்படித்தான் ஊர் முழுக்கத் தெரிந்தது. கனகரத்தினத்தாரின் ஆடு வாக்காளர் அட்டையைத் தின்ற கதையும் அப்படியே. "பாக்கியண்ணைக்குக் காது காலில இருக்குது" என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள்.

கரைவலை என்பது கடலை அரைவட்டமாக வளைத்துப் போடும் பெரிய வலை. தோணியில் கொண்டுபோய் அதை இறக்கி, இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் தூரத்தூர நிற்கும் இரண்டு கூட்டத்தாரிடம் கொடுத்துவிடுவார்கள். இரு பகுதியாரும் இழுத்து இழுத்து ஒருவரையொருவர் நெருங்கி வர, மீன் சேர்ந்த மடி நடுவில் கரையேறும். சொல்வதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அலை கரைக்கு வரும்போது இழுக்க வேண்டும். அது திரும்பும்போது குதிக்காலை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் முந்தி மறு பக்கம் பிந்தினால் வலை கோணிப்போய், மீன் வந்த வழியே திரும்பிவிடும். இத்தனை பேருடைய கையையும் ஒன்றாக்குவதற்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் முன்னடி சொல்ல, மற்றவர்கள் "ஏலோ" என்று சொல்லிக்கொண்டு இழுப்பார்கள். முன்னடி சொல்லும் அந்த ஒருவர்தான் பாக்கியரத்தினம். ஊர் வாயில் அம்பாப் பாக்கியம்.

குரல் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. துருப்பிடித்த இரும்புக் கேற்றைத் திறக்கும்போது வருகிற சத்தம். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவர் தேவாரத்துக்கு வாயெடுத்தால் ஐயர் மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டுவார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவரும் பாக்கியரத்தினம்தான் என்று பலருக்குச் சந்தேகம்.

கடலை நம்பிச் சோறு தின்னும் இந்த மனிதர் தோணியில் ஏறமாட்டார். ஏறினால் முதல் நாள் தின்ற சோறும் வெளியே வந்துவிடும். முழங்காலளவு தண்ணீருக்கு அப்பால் அவரைக் கண்டவர்கள் இல்லை. கேட்டால், "எனக்கும் கடலுக்கும் ஒரு மரியாதை இருக்குது. நான் அதின்ர வீட்டுக்குள்ள போறதில்லை, அது என்ர வீட்டுக்குள்ள வாறதில்லை" என்பார்.

கயிற்றடியில் அவர் நிற்கும் விதமே தனி. மற்றவர்கள் என்ன போட்டாலும் அவர் காலில் செருப்பு இராது. வலது காற் பெருவிரலை ஈர மணலில் புதைத்துக்கொண்டு நிற்பார். அலை திரும்புவதைக் கண் காண்பதற்கு முதல் அந்த விரல் சொல்லிவிடுமாம். விரல் மணலைக் கிண்டத் தொடங்கியதென்றால் பாட்டு வரப்போகிறது என்று இழுக்கிறவர்களுக்குத் தெரியும். தோளைக் குலுக்கித் தயாராகிவிடுவார்கள். ஒரு நாள் சொன்ன அம்பாவை மறு நாள் சொல்லமாட்டார் என்பதுதான் அவருக்குள்ள ஒரே பெருமை. நேற்றைய கறியை இன்றைக்கு யார் ஆசையாகத் தின்பார்கள் என்பது அவர் கேள்வி. அதற்காகத்தான் குழாயடியில் இந்தக் கால் கழுவல். அன்றன்றைக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் கிடைக்கும்.

கடற்கரையில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருக்கிறது. சண்டைக் காலம் என்பதால், நேவிக்காரர் விட்ட நேரத்துக்குள் வலையைப் போட்டு இழுத்து முடித்துவிட வேண்டும். காலையில் ஒரு தடவைதான். அந்தத் தடவை பிழைத்தால் அன்றைக்கு நாற்பது வீட்டுக் குசினியிலும் அடுப்பு யோசித்துத்தான் எரியும். காவலுக்கு நிற்கும் சிங்களப் பொடியன் ஒருவனுக்குப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் ஒவ்வொரு ஏலோவுக்கும் மண்மூட்டையில் விரலால் தட்டுவான். அவனுடைய புதுச் சப்பாத்து காலைக் கடித்து அவன் நொண்டித் திரிந்த நாளில் பாக்கியரத்தினம் அவனையும் பாடியிருக்கிறார். அன்றைக்கும் அவன் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டுதான் நின்றான்.

இத்தனை பேரைக் கிண்டல் செய்கிறவருக்கு ஒரு சட்டமும் உண்டு. அழுதவர்களைப் பாடுவதில்லை. ஒரு வீட்டில் கண்ணீர் விழுந்துவிட்டால், அந்த வீட்டு அடுப்பு, ஆடு, மருமகன் எதுவுமே அவருடைய கயிற்றில் ஏறாது. "அழுத முகத்தைப் பாத்துச் சிரிப்பு மூட்டுறது மனிசத் தொழில் இல்லை" என்பார். நல்ல சட்டம்தான். ஆனால் போன வருடம், தொண்ணூற்றெட்டில், அந்தச் சட்டமே அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டது.

மாசியில் குணரத்தினம் போனான். கயிற்றில் பாக்கியரத்தினத்துக்கு அடுத்த ஆளாக நின்று இழுத்தவன். திரியாயிலிருந்த தாயைப் பார்க்கப் போன வழியில் கண்ணிவெடி. மனைவி பூரணியும் இரண்டு பிள்ளைகளும் மிஞ்சினார்கள். பங்குனியில் இராணுவச் சுற்றிவளைப்பு. கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. உப்புத் தேத்தண்ணி குடித்த கமலேஸ்வரியின் மருமகனும் வராதவர்களில் ஒருவன். வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் போன பிள்ளைகளிடமிருந்து வேறு இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேதி இல்லை. பாக்கியரத்தினம் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே வரிசையைப் பார்ப்பார். இவள் அழுதவள். அவளும் அழுதவள். அவளுக்குப் பின்னால் நிற்பவளுக்குக் கண் இன்னும் வீங்கியிருக்கிறது. பாடக்கூடிய முகங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தன.

வைகாசியில் ஒரு காலை, கயிற்றடியில் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முந்திய நாள் பாட்டையே எடுத்துவிட்டார். பகிடிக்குச் செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மறு நாளும் அதே பாட்டு. அதற்கு மறு நாள் சிரிப்பு இல்லை, ஏலோவும் பாதியாகக் குறைந்துபோயிற்று. காவலரண் பொடியன் எட்டிப் பார்த்து, "அத சிந்து நெத்த?" என்று கேட்டான். இன்றைக்குப் பாட்டு இல்லையா என்று அதற்கு அர்த்தம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவன் அப்படிக் கேட்டதுதான் பாக்கியரத்தினத்தின் நெஞ்சில் தைத்தது.

பிறகு விடியற்காலையே அவருக்குப் பிடிக்காமற்போனது. கண் விழித்தாலும் எழும்பமாட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடிக்கிறவர், சீனி கரைந்து கையில் வழிந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் போகவில்லை. ஒரு நாள் ஒரு கிழமையாயிற்று. மனைவி கமலாதேவி கேட்டதற்கு, "எனக்குள்ள ஏதோ காஞ்சுபோச்சு. வாளி கிணத்துக்குள்ள போகுது, வெறும் வாளியாத்தான் வருகுது" என்றார். பேச்சில் புருஷனுக்குச் சளைக்காதவள் அன்றைக்கு மறுபேச்சு இல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நாவூறு பட்டிருக்கிறது என்று கமலாதேவி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். புகையில் அவள்தான் தும்மித் தும்மிக் கண் சிவந்தாள். ஐயர் நூல் கட்டினார். ஆஸ்பத்திரி டொக்டர் நோயொன்றும் இல்லை, களைப்புத்தான் என்று, ஓய்வெடுக்கச் சொல்லிச் சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினார். அவரும் ஓய்வெடுத்தார். பாயில் மல்லாந்து படுத்துத் தகரக் கூரையிலிருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டேயிருந்து, ஓட்டை ஒவ்வொன்றுக்கும் பேரும் வைத்துவிட்டார். ஓய்வெடுத்து எழும்பினால் முன்னிலும் களைப்பாக இருந்தது. இடம் மாறினால் மனம் மாறும் என்று அன்புவழிபுரத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போனார். தங்கையின் பிள்ளைகள் அம்பா பாடச் சொல்லி மடியில் ஏறி இருந்து நச்சரிக்க, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

அவருக்கு உறைக்கும்படி ஒரு வார்த்தை சொன்னவர் ஸைனுலாப்தீன் நானாதான். கரையில் மீன் எடுத்து, சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்கிறவர். மீன் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே நின்று கதைத்தார். மருந்தும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தன் சைக்கிள் செயின் கழலுவதைப் பற்றித்தான் சொன்னார்.

"ஏறி மிதிக்க ஏலாத நாளும் வரத்தான் செய்யும், தம்பி. அண்டைக்கு இறங்கித் தள்ளிக்கிட்டாவது போகணும். நிண்டுட்டா மீன் நாறிரும்."

சொல்லிவிட்டு நிஜமாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கும் செயின் கழன்றுதான் இருந்தது.

மறு நாள் பாக்கியரத்தினம் கடற்கரைக்குப் போனார். குழாயடிப் பக்கம் தலை வைக்கவில்லை. காலில் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்தே எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. நேரே போய்க் கயிற்றின் கடைசி ஆளாகப் பிடித்துக்கொண்டார். பாடமாட்டேன், இழுக்க மட்டும் இழுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பாட்டு இல்லாத நாட்களில், ஆளுக்கு ஒரு பக்கமாக யாராவது "ஒண்டு, ரெண்டு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வலை பாதி நாள் கோணியது. கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள்.

வலைக்குச் சொந்தக்காரர் ஞானசேகரம். சம்மாட்டியார் என்று மரியாதையாகச் சொல்வார்கள். நல்ல மனிதர், ஆனால் நாற்பது குடும்பம் அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூதூரிலிருந்து வேறொரு அம்பாக்காரரைக் கூட்டிவரலாமா என்று ஒன்றுக்கு இரண்டு பேர் அவரிடம் கேட்டிருந்தார்கள். பாக்கியரத்தினத்தின் இடத்தில் இன்னொருவனை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. படுத்துப் புரண்டு யோசித்தவருக்கு ஒரு யோசனை வந்தது. அப்படியொரு யோசனை திருக்கடலூர்ச் சம்மாட்டி ஒருவருக்கு மட்டும்தான் வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய திருவிழாவின்போது, கனடாவிலிருக்கும் தன் தம்பி கேட்டானென்று, வீட்டு விறாந்தையில் பாக்கியரத்தினத்தைக் கதிரை போட்டு இருத்தி அம்பா பாட வைத்து ஞானசேகரம் கசெற்றில் பிடித்திருந்தார். ஒன்று கனடாவுக்குப் போனது. இன்னொன்று அலுமாரிக்குள் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை அந்தக் கசெற்றையும் ரேடியோப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். காவலரண் பொடியன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பற்றரிகளைக் கழற்றிப் பார்த்து, மறுபடி போட்டுக் கொடுத்தான். ஞானசேகரம் பெட்டியைக் கவிழ்த்து வைத்த ஒரு மீன் கூடையின் மேல் பக்குவமாக வைத்தார்.

"நீ ஒண்டுக்கும் யோசியாத, பாக்கியம். உன்ர குரல்தான் பாடப்போகுது. நீ ஆறுதலா இரு" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். பாக்கியரத்தினத்துக்கு முகம் செத்துப்போயிற்று. வேறு ஒருவன் வந்து நின்றிருந்தால் கோபப்படலாம். தன் இடத்தில் தானே வந்து நின்றால் யாரோடு கோபிப்பது? கயிற்றின் கடைசிக்குப் போனார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து இரண்டு வருடத்துக்கு முந்திய பாக்கியரத்தினம் உற்சாகமாக எடுத்துவிட்டார். கனகரத்தினத்தாரின் ஆடு வந்தது, வாக்காளர் அட்டை வந்தது. ஆடு போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்றாலும் எல்லோரும் ஏலோ சொல்லி இழுத்தார்கள். பொடியன் மண்மூட்டையில் தட்டினான். ஞானசேகரத்தின் முகத்தில் வெற்றிப் புன்னகை. பிறகுதான் கோளாறு தெரிந்தது. விறாந்தையில் கதிரையிலிருந்து பாடிய பாட்டுக்கு அலை ஏது? அது தன்பாட்டில் ஒரே சீராக ஓடியது. கடல் கனடாத் தம்பிக்காகப் பதிந்த கசெற்றைக் கேட்டு நடக்குமா? அலை திரும்புகிற நேரம் பெட்டி இழு என்றது. வருகிற நேரம் நிறுத்து என்றது. வடக்குக் கயிறு பாட்டைக் கேட்டு முந்தியது, தூரத்தில் நின்ற தெற்குக் கயிறு அலையைப் பார்த்துப் பிந்தியது. மடி கரையை நெருங்கி வருகிற வேளை, வலை ஒரு பக்கமாக இழுபடுவது மிதவைகளில் தெரிந்தது. ஞானசேகரம் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கத்தினார். பெட்டி அவரையும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாட்டு மாறியது.

"நிண்டுகொண்டே நித்திரை கொள்ளுறான் குணரத்தினம்..."

பழைய அம்பா. கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிவிழும் குணரத்தினத்தைப் பற்றி, அவன் உயிரோடிருந்த காலத்தில், அவன் முன்னாலேயே பாடிச் சிரித்தது. இப்போது அவன் நின்ற இடத்தில் கயிற்றைப் பிடித்து நின்றவன் அவனுடைய தம்பி. அவன் கை தளர்ந்தது. ஏலோ சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பாக்கியரத்தினம் கயிற்றை விட்டார். செருப்பு இரண்டையும் உதறிவிட்டு ஓடினார். பெட்டியின் எந்தப் பொத்தானை அமத்தினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றை அமத்தினார். பெட்டிக்குள்ளிருந்த பாக்கியரத்தினம் கீச்சுக் குரலில் எலிக்குஞ்சுபோலக் கத்தத் தொடங்கினார். இன்னொன்றை அமத்தினார், கத்தல் கூடியது. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து மூடியைப் பிடுங்க, பற்றரிகள் மணலில் உருண்டோடின. கடற்கரை கப்சிப்பென்று ஆனது.

ஆனால் அலை நிற்கவில்லை. அது திரும்பத் தொடங்கியது, கயிறு கைகளுக்குள்ளே வழுக்கியது. நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். வெறுங்கால் ஈர மணலில் நின்றது. அவருக்கே தெரியாமல் வலது காற் பெருவிரல் மணலைக் கிண்டியது.

"டேய் பாக்கியம், அலையைப் பாராமல் ஆருக்கடா பாடுறாய்?" என்றார்.

பெட்டியைப் பார்த்து ஏசத்தான் ஏசினார். பழக்க தோஷம், ஏச்சும் அம்பா மெட்டில் வந்துவிட்டது. முதலில் "ஏலோ" என்று சொன்னவன் குணரத்தினத்தின் தம்பி. சொல்லிக்கொண்டே குதிக்காலை ஊன்றினான்.

பிறகு அவரை யார் தடுப்பது?

"பெட்டிக்குள்ள ஒரு பாக்கியம், பெரிய பாட்டுக்காரனாம்!"

ஏலோ.

"வெளியில ஒரு பாக்கியம், செருப்புப் போட்ட துரையாம்!"

ஏலோ.

"கூரைக்குக் கீழ படுத்தவர், ஓட்டைக்கெல்லாம் பேர் வைச்சவர்!"

ஏலோ.

"மிளகாய் சுத்திப் போட்டது அவருக்கு, மூக்கடைச்சது மனிசிக்கு!"

எத்தனையோ வருடமாக ஊரிலுள்ள அத்தனை பேரையும் பாடிய மனிதர் தன்னை ஒரு நாளும் பாடியதில்லை. தன்னிடம் இவ்வளவு சரக்கு கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. சத்துக் குளிசை வந்தது, ஐயர் கட்டிய நூல் வந்தது, அன்புவழிபுரத்துக்குப் போய் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்ததும் வந்தது. சிரிப்பில் கை தளர்ந்துவிடக் கூடாதே என்று அவரே இடையிடையே அதட்டினார். அலை திரும்பும்போது குரலை நீட்டிப் பிடித்தார். தெற்குக் கயிற்றுக்காரரைக் கையால் சைகை காட்டி அழைத்தார். மிதவைகள் மெல்ல மெல்ல நேராயின. காவலரண் பொடியன் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். விட்ட நேரம் முடிவதற்குள் மடி கரையேறிவிட்டது. பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. சூடை, கீரி போன்ற பொடி மீன்களும், இடையிடையே பாரைக் குட்டிகளுமாக, எல்லோரும் நிமிர்ந்த முகத்தோடு வீட்டுக்குப் போகப் போதுமானது.

உதறிய செருப்பு இரண்டையும் அலை கொண்டுபோயிருந்தது. அவர் தேடவில்லை. ஸைனுலாப்தீன் பெட்டியில் மீனை அடுக்கிக்கொண்டே, "என்ன தம்பி, சைக்கிள்ள ஏறிட்டீங்க போல" என்றார். அதற்கு இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஏறேல்லை, நானா. ஒரு கால்தான் போட்டிருக்கிறன்" என்றார்.

உண்மையும் அதுதான். பின்னேரம் வாசற்படலையடியில் இருந்து யோசித்தார். வாய் திறந்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லாமலில்லை. மத்தியானம் கமலாதேவி வைத்த மீன் குழம்பில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். மிளகாய்ப் புகைப் பாட்டுக் காதுக்கு வந்துவிட்டதால் கமலாதேவி அகப்பையைச் சட்டியில் தேவைக்கு மேலே தட்டினாள். ஏசவும் செய்தாள். அவள் பழையபடி ஏசியது அவருக்கு இதமாக இருந்தது. ஆனால் தன்னை எத்தனை நாளைக்குப் பாடுவது? மிஞ்சிப்போனால் ஒரு கிழமை. அதற்குப் பிறகு? குழாயடி வரிசையில் நிற்கிறவர்கள் அதே முகங்கள்தான். சட்டமும் அதே சட்டம்தான். வாளி மறுபடி வெறுமையாக வந்தால் இன்னொரு முறை இறங்க அவருக்குத் தென்பு இல்லை.

மறு நாள் விடிய, நெடுநாளைக்குப் பிறகு குழாயடிக்குப் போனார். போகாமலிருந்தால் கால் கேட்கவில்லை. ஓரமாகக் குனிந்து நின்றார். கடற்கரையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவரைக் கண்டதும் பெண்கள் கதையை மாற்றவில்லை. கதையே நின்றுபோயிற்று. வரிசையில் முன்னுக்கு நின்றவள் பூரணி. பாக்கியரத்தினம் அவள் முகத்தைப் பார்க்காமல் அவசர அவசரமாகக் கால்களைக் கழுவி முடித்தார். போகத் திரும்பினார்.

"அண்ணை" என்றாள் பூரணி.

அவர் நின்றார்.

"நேத்து அவரின்ர பாட்டு வந்ததாம். மைத்துனர் சொன்னவர். ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

அவர் தன் ஈரக் கால்களைப் பார்த்தார். அழுத முகம், சட்டம் என்று ஏதோ முணுமுணுத்தார். பாதி வெளியே வரவில்லை.

"அவர் அந்தப் பாட்டை வீட்டில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவர்" என்றாள் பூரணி. வாளியைக் குழாய்க்கு நேரே தள்ளி வைத்தாள். "எங்களைப் பாடாமல் விட்டால் நாங்களும் இல்லாத மாதிரியெல்லோ இருக்குது, அண்ணை."

கமலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பூரணியின் வாளி நிறைந்து வழிந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. கமலேஸ்வரியின் பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்பவளுக்குச் சொல்ல வேண்டியதற்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தொடங்கினாள்:

"நேத்து நான் ரொட்டி சுட்டன், மாமி. மாவுக்குள்ள தேங்காய்ப்பூவைப் போட மறந்துபோனன். சின்னவன் அதைக் கடிச்சுப் பாத்துப்போட்டு, கதவுக்கு முட்டுக் குடுக்க வைச்சிருக்கிறான்..."

கால் இரண்டும் சுத்தமாகக் கழுவி முடித்திருந்த பாக்கியரத்தினம் திரும்பி வந்து, குனிந்து, வலது காலை மறுபடியும் தண்ணீருக்குள் நீட்டினார்.